ஏடும் மின்னேடும்: வாசிப்பு வழக்கத்துக்கேற்ற கருவியைத் தெரிதல்

'ஏடு' என்னுஞ் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. முதலிற் பனையோலையின் ஒற்றை இதழைக் குறித்த இச்சொல், அச்சுப்பொறி வந்தபின் காகிதப் பக்கத்தைக் குறித்தது. பின்னர் நாட்பத்திரிகையையும் குறித்தது. இங்ஙனம் பொருள் விரிந்த ஒவ்வொரு முறையும் வாசிப்போரின் வழக்கமும் உடன் மாறிற்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதும் இல்லை. ஆதலின் சுவடி படிப்பவர் வாய்விட்டுப் படித்து, செய்யுளின் ஓசையைத் துணைக்கொண்டே சொற்களைப் பிரித்தறிந்தார். 1849 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சுப்பொறி கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய காலந்தொட்டு, புள்ளியும் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் யாழ்ப்பாணத்து மாணவர் கண்களுக்குப் பழகின. மௌனமாக வாசிக்கும் வழக்கம் எளிதாயிற்று.

இன்று மூன்றாவது மாற்றம் நம் வாயிலில் நிற்கின்றது. அதுவே மின்னூல் வாசிப்புக் கருவி. புலம்பெயர்ந்த உறவினர் விடுமுறைக்கு ஊர்வரும்போது இனிப்புப் பெட்டியுடன் இக்கருவியையுங் கொணர்ந்து கொடுப்பது இப்பொழுது தீவகத்திலும் காணக்கூடியதாயிருக்கின்றது. ஆயின் கொடுத்த கருவிகளுட் சில, ஓரிரு மாதங்களில் அலுமாரியின் மேற்றட்டைச் சேர்ந்து விடுகின்றன. காரணம் யாது? கருவி கூடாததன்று, வாசிப்பவரும் சோம்பேறியல்லர். அவருடைய வாசிப்பு வழக்கம் ஒன்று, கருவியின் அமைப்பு மற்றொன்று. காலுக்கேற்ற செருப்பைத் தேடுவதுபோல வாசிப்புக்கேற்ற கருவியைத் தேடல்வேண்டும். அங்ஙனந் தேடும் முறையைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிழையை யானுஞ் செய்தவனே என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றேன். ரொரன்ரோவிலிருந்து வந்த பெறாமகள் ஆறு அங்குலக் கருவியொன்றைக் கையில் வைத்து, "பெரியப்பா, இதுக்குள்ள ஆயிரம் புத்தகம் வைக்கலாம், இனி உங்களுக்கு அலுமாரி தேவையில்லை" என்றாள். யானும் மகிழ்ந்து, பழைய சஞ்சிகையொன்றின் நிழற்படப் பிரதியை அதில் ஏற்றித் திறந்தேன். எழுத்துக்கள் எறும்பு வரிசைபோல் ஊர்ந்தன. ஒரு வரியும் படிக்க முடியவில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். விளக்கை மாற்றிப் பார்த்தேன். குறை கண்ணிலுமில்லை, விளக்கிலுமில்லை, தெரிவிலேயே இருந்ததென்பதை உணர நாட்கள் சில சென்றன.

கருவியின் இயல்பு

இக்கருவியைக் கைத்தொலைபேசியின் உடன்பிறப்பென எண்ணுதல் தவறு. தொலைபேசியின் திரை தானே ஒளியுமிழ்வது. வாசிப்புக் கருவியின் திரையோ காகிதத்தைப்போல் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. இத்திரைக்கு மின்மைத் திரை என்று பெயர். தலைமயிரின் தடிப்பளவேயான நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் இத்திரையில் பரந்துள்ளன. ஒவ்வொரு குமிழுள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்டுகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. இவ்விருவகைத் துகள்களும் எதிரெதிரான மின்னூட்டங் கொண்டவை. ஆதலின் மின்புலத்தைத் திசைமாற்ற, ஒருகால் வெண்டுகள் மேலெழுந்து காகிதமாகத் தோன்றும். ஒருகால் கருந்துகள் மேலெழுந்து எழுத்தாகத் தோன்றும். எழுந்த துகள் மின்சாரமின்றியே அவ்விடத்தில் நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போது மாத்திரமே மின்சாரஞ் செலவாகும்.

இவ்வியல்பிலிருந்து இக்கருவியின் நன்மைகளும் குறைகளும் தாமே பெறப்படும். நண்பகல் வெயிலிலும் எழுத்து மங்காது. ஒருமுறை மின்னேற்றினால் பலநாள், சிலவேளை பலவாரம், வாசிக்கலாம். கண்ணெதிரே ஒளி பாய்வதில்லை. மறுதலையாக, பக்கம் மாறுவது மெதுவாகவே நிகழும். முன்பக்கத்தின் சாயல் சிறிது தங்கியிருத்தலும் உண்டு. அசையும் படங்களுக்கு இஃது ஏற்றதன்று. வண்ணத் திரைகள் இப்போது வந்துள்ளனவாயினும் அவற்றின் வண்ணம் மங்கியதே. 2022 ஆம் ஆண்டு வெளிவந்த கலைடோ 3 என்னும் வண்ணத்திரையில், கறுப்பெழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளும் வண்ணத்துக்கு 150 புள்ளிகளுமே உள.

வரலாற்றையும் சுருங்கக் கூறுவோம். மின்மைத் தொழினுட்பத்தை வளர்த்த நிறுவனம் அமெரிக்காவில் 1997 இல் தோன்றியது. அத்திரையுடன் கூடிய முதல் வாசிப்புக் கருவியைச் சோனி நிறுவனம் 2004 இல் யப்பானில் வெளியிட்டது. அமேசன் நிறுவனத்தின் கிண்டில் 2007 நவம்பரில் வெளிவந்தது. இருளில் வாசிப்பதற்கு ஓரத்திலிருந்து ஒளியைத் திரையின்மேற் பரப்பும் முன்விளக்கு, கிண்டிலில் 2012 தொடக்கம் வழக்கத்துக்கு வந்தது. கோபோ, பொக்கெற்புக், பூக்ஸ் முதலிய வேறு பெயர்களுடைய கருவிகளும் இன்று சந்தையிலுள. தமிழ் நூல்களைக் கிண்டில் கடையில் முறையாக விற்பனைக்கு வைத்தது 2016 டிசம்பரிலாகும்.

நூல்கள் இருவகை

கருவியை ஆராயுமுன், நாம் வாசிக்கப்போகும் மின்னூல் எவ்வகையது என்பதை ஆராய்தல் வேண்டும். இதுவே இப்பாடத்தின் உயிர்நிலை.

முதல்வகை, எழுத்தாகவே சேமிக்கப்பட்ட நூல். இதனை நீருக்கு ஒப்பிடலாம். நீர் தான் நின்ற கலத்தின் வடிவைப் பெறுவதுபோல, இந்நூலும் திரையின் அளவுக்கேற்பத் தன் வரிகளை மடக்கி அமைத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்களின் தொகை கூடுமேயன்றி வரி திரைக்கு வெளியே செல்லாது. ஈபப் என்னும் கோப்புவகை இத்தகையது.

இரண்டாம்வகை, அச்சுப்பக்கத்தை அப்படியே படமெடுத்து அடுக்கிய நூல். இதனைக் கல்லுக்கு ஒப்பிடலாம். கல்லின் வடிவு மாறாது. திரை சிறிதாயின் பக்கம் முழுவதுஞ் சிறுக்கும். எழுத்தும் உடன் சிறுக்கும். பெரிதாக்கினாலோ வரியின் ஒரு முனை திரைக்கு வெளியே போய்விடும். பீடிஎவ் என்று வழங்குங் கோப்புகளுட் பெரும்பாலான பழைய தமிழ் நூல்கள் இவ்வகையின.

தமிழ் நூல்களைப் பொறுத்தமட்டில் இவ்வேறுபாடு பெரிதும் முக்கியமானது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களை எழுத்தாகவே தட்டச்சிட்டு இலவசமாக வழங்கி வருகின்றது. சங்க நூல்களையும் காப்பியங்களையும் திருமுறைகளையும் நாடுவோர்க்கு அது பெருங் களஞ்சியம். ஈழத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமே பெருந்துணை. அங்கே உள்ளவற்றிற் பெரும்பகுதி பக்கப் படங்களாம். எனவே மதுரைத் திட்டத்து நூலை வாசிப்பவரும் நூலகத்து நூலை வாசிப்பவரும் ஒரே கருவியை வாங்கினால், இருவரில் ஒருவர் ஏமாறுவது திண்ணம்.

அளவுக் கணக்கு

ஏமாறாதிருக்கக் கணக்குப் பாடம் உதவும். கருவியின் அளவாகக் கடைக்காரர் கூறும் அங்குலம், திரையின் மூலைவிட்டத்தின் நீளமாகும். இத்திரைகளிற் பெரும்பாலானவற்றின் அகலமும் உயரமும் மூன்றுக்கு நான்கு என்னும் விகிதத்தில் அமைந்தவை. அங்ஙனமாயின் மூலைவிட்டம் ஐந்து பங்காம். பைதகரசின் தேற்றத்தைக் கற்ற மாணவனும் இதனை உடனே காண்பான். ஆகவே 6 அங்குலத் திரையின் அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8 அங்குலம். 7.8 அங்குலத் திரை ஏறத்தாழ 4.7 அங்குல அகலமும் 6.2 அங்குல உயரமுமுடையது. 10.3 அங்குலத் திரை 6.2 அங்குல அகலமும் 8.2 அங்குல உயரமுமுடையது.

நம் பழைய நூல்களும் மலர்களும் பல டெமி அளவின, அதாவது 5.5 அங்குல அகலமும் 8.5 அங்குல உயரமுங் கொண்டவை. அத்தகைய பக்கத்தை முழுமையாக 6 அங்குலத் திரையிற் காட்டினால் உயரம் 8.5 இலிருந்து 4.8 ஆகக் குறுகும்; அஃதாவது நூற்றுக்கு 56 பங்கு. 12 பொயின்ற் எழுத்து 7 பொயின்றுக்குங் குறைந்துவிடும். இதுவே யான் கண்ட எறும்பு வரிசையின் இரகசியம். 7.8 அங்குலத் திரையில் அதே எழுத்து 9 பொயின்றுக்குச் சற்றுக் குறைவாகத் தோன்றும். இளங்கண்களுக்கு அது போதும். 10.3 அங்குலத் திரையிலோ நூற்றுக்கு 97 பங்கு தோன்றும். ஏறத்தாழ அச்சிட்ட அளவே.

சிறு கருவியை ஏற்கெனவே பெற்றவர் மனந்தளர வேண்டியதில்லை. கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் 4.8 அங்குலம் அகலமாகும். அப்போது டெமிப் பக்கத்தின் அகலம் நூற்றுக்கு 87 பங்காகத் தெரியும். எழுத்து 10 பொயின்றுக்கு மேலாகும். பக்கத்தின் ஏறத்தாழப் பாதியே ஒருமுறையிற் காணப்படும். இரண்டு மூன்று தடவை நகர்த்தவேண்டும். ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டிக்காட்டும் வசதியிருப்பின் எழுத்து இன்னுஞ் சிறிது பெருகும். எனது கருவி அலுமாரியிலிருந்து மீண்டது இவ்வுபாயத்தினாலேயே.

வாசிப்பவர் ஐவகையினர்

இனி, வாசிப்பவர் வழக்கத்தை நோக்குவோம். நாம் ஒவ்வொருவரும் கீழ்வரும் ஐவகையினருள் ஒருவராகவோ, சிலவேளை இருவராகவோ இருத்தல் கூடும்.

முதலாமவர் தொடர்ந்து வாசிப்பவர். நாவலும் சிறுகதையும் வரலாறும் பயணநூலும் இவர் விருப்பம். முதற்பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிப்பவர். ஆறு அல்லது ஏழு அங்குலக் கருவியே இவருக்குச் சாலும். ஒரு கையாற் பிடித்து, சாய்மனைக் கதிரையிற் கிடந்தும் வாசிக்கலாம். இவர் அதிக விலை கொடுத்துப் பெருந்திரை வாங்குதல் வீண் செலவு.

இரண்டாமவர் ஆராய்பவர். ஈழகேசரிக் கட்டுரையையும் பழைய கல்லூரி மலரையும் தேடுபவர், ஒரு நூலின் நாற்பதாம் பக்கத்தையும் இருநூறாம் பக்கத்தையும் மாறிமாறிப் பார்ப்பவர், ஓரத்திற் குறிப்பெழுதுபவர். இவருக்கு 10.3 அங்குலத் திரையும் எழுதுகோல் வசதியும் வேண்டும். கருவியின் வேகமும் நினைவகமும் இவர் கவனிக்கவேண்டியவை. எழுத்து நூலொன்று ஏறத்தாழ ஒரு மெகாபைற்று இடங்கொள்ள, படநூலொன்று பல மடங்கு கொள்ளும். பழைய பத்திரிகையின் பெருந்தாளை வாசிப்பதற்கு எந்த மின்மைக் கருவியும் போதாது. அதற்குக் கணினித் திரையே தகுந்தது.

மூன்றாமவர் கண்பார்வை தளர்ந்த முதியவர். உண்மையில் இக்கருவியினாற் பெரும்பயன் பெறக்கூடியவர் இவரே. அச்சு நூலின் எழுத்து அவர் பொருட்டுப் பெரிதாகாது. எழுத்துவகை மின்னூலோ விரல் தொட்ட மாத்திரத்தில் பெரிதாகும். ஆயின் எழுத்தைப் பெரிதாக்குங்கால் சிறு திரையில் வரிக்கு இரண்டு மூன்று சொற்களே நிற்கும். தமிழ்ச்சொல் இயல்பாகவே நீண்டது. புணர்ச்சியால் மேலும் நீளும். ஆதலின் ஆங்கிலம் வாசிக்கும் முதியவருக்கு ஆறு அங்குலம் போதுமாயினும், தமிழ் வாசிக்கும் முதியவருக்கு ஏழு அல்லது எட்டு அங்குலம் நன்று. பக்கம் புரட்டப் பொத்தானுள்ள கருவி, நடுங்கும் விரலுக்குத் தொடுதிரையிலும் உகந்தது.

நான்காமவர் மாணவர். இவர் விடயத்தில் வெளிப்படையாகப் பேசுதல் கடன். 1980 தொடக்கம் இலங்கை மாணவர்க்கு அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. அப்பாடநூல்களின் மின்பிரதி பெரிய பக்கமும் வண்ணப்படமுங் கொண்டது. விஞ்ஞானப் படத்தையும் புவியியற் படத்தையும் சாம்பல் நிறத்திற் கற்றல் அரைகுறைக் கல்வியே. பயிற்சிக் கணக்குச் செய்யும் மாணவன் வினாவையும் விடையையும் ஒருங்கே பார்க்கவேண்டும். ஆதலின் பாடப் படிப்புக்கு அச்சுநூலே முதன்மை. துணையாக வேண்டின் வண்ணத்திரைக் கைக்கணினி. வாசிப்புக் கருவி மாணவனுக்குப் பயன்படுவது பாடநூலுக்கு வெளியேயுள்ள வாசிப்புக்கே. அங்கே அதற்கொரு பெருஞ்சிறப்புண்டு: அழைப்பு வராது, விளையாட்டு இல்லை, படக்காட்சி இல்லை. ஒரு மணிநேரம் ஒரே நூலிற் கருத்தூன்றும் பழக்கத்தை இழந்துவரும் இளைஞர்க்கு, இக்கருவியின் இல்லாமைகளே அதன் செல்வமாகும்.

ஐந்தாமவர் ஓதுபவர். தேவாரப் பதிகத்தை நாடோறும் பாராயணஞ் செய்பவரும், கோயிலிற் புராண படனம் செய்வோரும் இவ்வினத்தவர். கந்தபுராணத்தை ஒருவர் இசையுடன் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, அடியார் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ளது. அங்கே நூல் ஒருவருக்குரிய கருவியன்று, சபைக்குரிய பொருள். விரித்துவைத்த பேரெழுத்துப் புத்தகத்தின் இடத்தை இக்கருவி பிடிக்கவேண்டிய அவசியமில்லை. வீட்டில் ஓதுபவர் ஒரு பதிகத்தை விரைந்து தேடியெடுக்க மாத்திரம் இஃது உதவும்.

தமிழெழுத்துச் சோதனை

கருவியின் பெட்டியில் எத்தனை மொழிகளின் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், தமிழைத் தன் கண்ணால் திரையிற் காணுமுன் பணங்கொடுத்தல் கூடாது. இதற்குக் காரணமுண்டு. கணினி ஒழுங்கில் ககரத்தை முன்னும் ஒற்றைக்கொம்பைப் பின்னுமாகவே சேமிப்பர். திரையிலோ கொம்பு முன்னே வந்து நிற்கவேண்டும். இவ்விடமாற்றத்தை அறியாத மென்பொருள், கொம்பைப் பின்னே தள்ளிப் புள்ளிவட்டமொன்றை இடையே நிறுத்தும். பழைய கருவிகள் பல இப்பிழையுடையன.

ஆகவே நண்பரொருவரின் கருவியிலேனும் கடையிலேனும் சிறு சோதனை செய்க. 'கொக்கு', 'மௌனம்', 'பொய்கை', 'ஸ்ரீ', 'லக்ஷ்மி' ஆகிய சொற்களைக் கொண்ட ஒரு பக்கத்தை ஏற்றித் திறந்து பார்க்க. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க. வரி முடிவிற் சொல் எங்கே முறிகின்றதென நோக்குக. மெய்யெழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளும் கருவி வாசிப்பவரை வருத்தும். ஒரு சொல்லைத் தேடச் செய்து, கிடைக்கின்றதாவென அறிக.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குகுறி வருமுன்னரும் வந்த பின்னருங்கூட, பாமினி முதலிய எழுத்துருக்களாலேயே ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருந்தொகையான பக்கங்கள் தட்டச்சிடப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குப்பையே தோன்றும். ஊரவர் எழுதிவைத்த வரலாறுகளும் நினைவு மலர்களும் இவ்வடிவில் இன்னும் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குகுறிக்கு மாற்றிய பின்னரே கருவியில் ஏற்றவேண்டும்.

தீவகத்துக்குரிய கவனங்கள்

கொழும்பிலோ இலண்டனிலோ இருந்து கருவி தெரிபவர் எண்ணாத சில செய்திகள் நமக்குண்டு. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லுங் கடற்பயணம் சிறிது; நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணிநேரம். படகின் மேற்றட்டில் வெயிலில் அமர்ந்து வாசிப்பதற்கு மின்மைத் திரையே ஏற்றது. தொலைபேசித் திரை அங்கே கண்ணாடிபோல் முகத்தையே காட்டும். ஆயினும் உப்பு நீர்த்திவலை கருவிக்குப் பகை. நீர்காப்புடையதென விற்கப்படுங் கருவிகளிலும் நன்னீருக்கொரு கணக்கும் கடல்நீருக்கொரு கணக்கும் உள. கிண்டில் பேப்பர்வைற் கருவிக்கு அதன் நிறுவனமே கூறும் அளவு, நன்னீரில் 2 மீற்றர் ஆழத்தில் 60 நிமிடம். கடல்நீரில் கால் மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் மாத்திரம். கடல்நீர் பட்டால் நன்னீராற் கழுவி உலர்த்தல் வேண்டும். நீர்காப்பில்லாத கருவியைப் பையிலிட்டு மூடிக்கொண்டே படகேறுக. திரையின் உள்ளே மெல்லிய கண்ணாடி இருப்பதால், நெருக்கடியான படகிற் பயணப்பொதியின் அடியில் வைத்தலும் ஆகாது.

மின்சாரம் மற்றொன்று. 1990 தொடக்கம் பல ஆண்டுகள் குடாநாடும் தீவகமும் மின்சாரமின்றி இருந்த காலத்தை அனுபவித்தோர் இன்னும் நம்மிடையே உளர். ஜாம் போத்தலில் எண்ணெய்யும் திரியும் இட்ட விளக்கொளியில் சாதாரண தரமும் உயர்தரமும் படித்துத் தேறிய தலைமுறை அது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும் யாவரும் அறிவர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் ஞாயிற்றொளியும் காற்றுங் கலந்த மின்னுற்பத்தி அமைக்க 2024 இல் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தஞ் செய்யப்பட்டது. இத்தகைய சூழலில், வாரக்கணக்கில் மின்னேற்றமின்றி நிற்பதும் தன் முன்விளக்காலேயே இரவில் வாசிக்கத்தக்கதுமான கருவி ஆடம்பரப் பொருளன்று. அந்த ஜாம் போத்தல் விளக்கின் அருமை அறிந்தவர் இதன் அருமையையும் அறிவர்.

உடைமையும் பாதுகாப்பும்

இறுதியாகக் கூறவேண்டியது யாவற்றிலும் பெரிது. காசு கொடுத்து வாங்கிய மின்னூல் நமக்கே உரியதா? கடையொன்றில் வாங்கிய அச்சுநூலை நண்பருக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு வைத்துப்போகலாம், கல்லூரி நூலகத்துக்கு வழங்கலாம். மின்னூற் கடைகளோ பெரும்பாலும் நூலை விற்பதில்லை. வாசிக்கும் உரிமையையே விற்கின்றன. 2009 யூலையில், பதிப்புரிமை இல்லாதவர் விற்றதென்னுங் காரணங்காட்டி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசன் நிறுவனம் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் மன்னிப்புங் கேட்டது. ஆயினும், வீட்டில் இருந்த நூலைத் தொலைவிலிருந்து எடுக்கமுடியும் என்பது அன்று உலகுக்கு வெளியாயிற்று. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிவைக்கும் வசதியையும் அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது.

நூலிழப்பின் வேதனையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 யூன் 1 ஆந் தேதி அதிகாலையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் தீவகத்தின் பல ஊர்களில் வீட்டு அலுமாரிகளும் வாசிகசாலைகளும் கைவிடப்பட்டன. திரும்பி வந்தோர் கண்டவை வெறுஞ் சுவர்களே. ஓரிடத்தில் மாத்திரம் இருந்த பிரதி ஓரிரவில் மறையும். பலவிடங்களில் இருந்த பிரதி பிழைக்கும். ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679 இல் அச்சிடப்பட்ட தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் பிரதியை 1954 இல் உரோமாபுரியின் வத்திக்கான் நூலகத்திற் கண்டெடுத்தார்; 1966 இல் அது மீண்டும் அச்சேறியது. நம்மிடம் இல்லாது போனதொன்று கடலுக்கப்பால் ஒரு பிரதியாய் இருந்தமையாலன்றோ நமக்குக் கிடைத்தது!

ஆதலின், கருவி தெரியும்போது கடையொன்றுக்கே கட்டுண்ட கருவியா, வெளியிலிருந்து பெற்ற கோப்புகளையும் தடையின்றி ஏற்பதா என்பதை முதலில் வினவுக. கிண்டிலுக்கும் ஈபப் கோப்பை அனுப்பும் வழி 2022 தொடக்கம் உண்டு. அதுவும் அந்நிறுவனத்தின் வழியாகவே செல்லும். கோபோ, பொக்கெற்புக் முதலியன கணினியோடு இணைத்து நேரே கோப்பேற்ற இடந்தருவன. எக்கருவியாயினும், இலவசமாகவும் முறையாகவும் பெற்ற நூல்களின் பிரதியைக் கணினியிலொன்றும் வேறோரிடத்திலொன்றுமாக வைத்தல் அறிவுடைமை.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். கருவி வாங்க எண்ணுபவர், கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்துக் கடந்த ஓராண்டில் தாம் உண்மையாக வாசித்த பத்து நூல்களின் பெயர்களை எழுதுக. வாசிக்க விரும்பிய நூல்களையன்று, வாசித்து முடித்த நூல்களையே எழுதுக. அவற்றுள் எத்தனை எழுத்துவகை, எத்தனை படவகை எனக் குறிக்க. எங்கே, எவ்வேளை, எவ்வொளியில் வாசித்தாரெனக் குறிக்க. பத்துக்கு ஏழு எழுத்துவகையாயின் சிறு கருவி. ஏழு படவகையாயின் பெருங்கருவி. வண்ணப் பாடநூலாயின் இக்கருவியே வேண்டாம். தாள் வெறுமையாகவே இருப்பின், முதலிற் கல்லூரி நூலகத்துக்குச் சென்று ஒரு புத்தகத்தை இரவல் வாங்குக. கருவி வாசிப்பை வளர்க்கும். இல்லாத வாசிப்பைப் படைக்காது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஊருக்கு வருங்கால் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி கொணர்வதிலும், கல்லூரி நூலகத்துக்கும் ஊர் வாசிகசாலைக்கும் பெருந்திரைக் கருவி ஒவ்வொன்று வழங்குதல் பலர்க்குப் பயன்படும். முன்னாளில் ஒரு பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்கப் பத்துப்பேர் கேட்ட வாசிகசாலை மரபு நமது. ஒரு கருவி பலர் கைமாறுவது அம்மரபுக்குப் புறம்பன்று.

மற்றொன்றும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய மலரோ, கையெழுத்துச் சஞ்சிகையோ, பரிசளிப்பு விழா அறிக்கையோ இருப்பின், அதன் பக்கங்களைப் படமெடுத்து எண்ணிம நூலகத்துக்கு அளியுங்கள். நாம் எக்கருவியைத் தெரிந்தாலும், அதில் வாசிப்பதற்கு நம்மூர் நூல் ஒன்று வேண்டுமன்றோ? ஓலையிலிருந்து காகிதத்துக்கு நூல்களைக் கடத்திய நாவலரும், 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் தம் காலத்துக் கடனைச் செய்து முடித்தனர். காகிதத்திலிருந்து மின்னேட்டுக்குக் கடத்தும் பணி நம் காலத்துக் கடன். அதனைச் செய்வோமாயின், வெள்ளிவிழாக் கொண்டாடும் மாணவன் கையிலும் நூற்றாண்டுவிழாக் கொண்டாடப்போகும் மாணவன் கையிலும் இம்மலர் இருக்கும்.